குடிநீருக்கும் ஓர் ஆரம்பக் கூட்டம் வேண்டும்: திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும், மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், உள்ளூராட்சி மன்றத் தலைவர்களுக்கும், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கந்தளாய்க் குளத்து நீரை வயலுக்குத் திறப்பதற்கு முன் நம் மாவட்டத்தில் ஒரு கூட்டம் நடக்கிறது. பெரும்போகமானாலும் சிறுபோகமானாலும் அந்த ஆரம்பக் கூட்டத்தைத் தாண்டித்தான் மதகு திறக்கும். குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை நீர்ப்பாசனத் திணைக்களத்தார் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியாக வேண்டும். எத்தனை ஏக்கரில் விதைப்பது, என்றைக்குத் திறப்பது, என்றைக்கு நிறுத்துவது, வாய்க்கால் துப்புரவை யார் முடிப்பது என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிவெடுக்கிறார்கள். வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டை விதானை பேசுவார், விவசாய அமைப்பின் செயலாளர் பேசுவார், கடைமடை வயற்காரர் எழுந்து, போன போகத்தில் தன் வரம்புவரை தண்ணீர் வந்து சேராத கதையைச் சொல்லாமல் உட்காரமாட்டார். குரல்கள் உயரும். ஆனாலும் கூட்டம் கலையும்போது எல்லோருக்கும் திகதி தெரியும். அந்தத் திகதிக்குச் சட்டத்தின் பலமும் உண்டு.

அதே குளத்து நீர்தான் சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியாக நகரத்துக்கும் சுற்றுப்புறங்களுக்கும் வருகிறது. அதைக் குடிக்கிற எங்களை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் அழைப்பதில்லை. எங்கள் கைக்கு வருவது மாதாந்தக் கட்டணப் பட்டியல் மட்டும்தான்.

நீர்த்துறையில் எந்த மாற்றம் வந்தாலும், அது மறுசீரமைப்பு என்ற பெயரில் வந்தாலும், பொது தனியார் பங்குடைமை என்ற பெயரில் வந்தாலும், ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து விழுவதற்கு முன் இந்த மாவட்டத்தில் குடிநீருக்கும் ஓர் ஆரம்பக் கூட்டம் கூட்டப்பட வேண்டும். என் கோரிக்கை இதுதான். ஏன் கேட்கிறேன் என்பதை விளக்கவே இந்த நீண்ட மடல்.

நாளைக் காலையிலேயே யாரோ நம் குழாயை விற்றுவிடப் போகிறார்கள் என்று நான் பீதி கிளப்பவில்லை. ஆனால் 2022-இல் நாடு வங்குரோத்தான நாள்முதல் அரச நிறுவனங்களை என்ன செய்வது என்ற பேச்சு ஓயவில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டம் வந்தபின் அந்தப் பேச்சுக்கு அவசரமும் சேர்ந்துகொண்டது. 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் நீர்க் கட்டணம் அடுத்தடுத்துக் கூட்டப்பட்டது. நட்டம், கடன், சீர்திருத்தம் என்ற இந்த வரிசை உலகில் எத்தனையோ ஊர்கள் நடந்துபோன பாதை. அதன் முடிவில் பல இடங்களில் நின்றது ஒரு நீண்டகால ஒப்பந்தம். அதைப் படித்துப் பார்க்க அந்த ஊர்க்காரர்களுக்கு வாய்ப்பே கிடைத்திருக்கவில்லை.

நம் நாட்டிலும் இது ஒருமுறை வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறது. 2003-இல் நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. நீர் விநியோகத்தில் தனியார் நுழைவுக்கு அது வழிதிறந்தது. தொழிற்சங்கங்களும் சிவில் அமைப்புகளும் உயர் நீதிமன்றம் சென்றன. உள்ளூராட்சியின் கைவசமுள்ள பொருளைத் தொடும் இந்தச் சட்டமூலத்தை மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பாமல் நிறைவேற்ற முடியாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் அத்தோடு நின்றது.

அன்று அந்த வாசலைக் காத்து நின்றது மாகாண சபை என்ற ஏற்பாடு. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல ஓடியும் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர்கள் அந்த மண்டபத்தில் அமரவில்லை. 2003-இல் வந்தது போன்ற ஒரு சட்டமூலம் சபை இல்லாத வேளையில் வந்தால், கிழக்கின் சார்பில் அதைப் படித்து, விவாதித்து, வேண்டாம் என்றோ இந்தத் திருத்தத்தோடு வேண்டும் என்றோ சொல்ல யார் இருக்கிறார்கள்? ஆளுநரின் அலுவலகம் பதில் எழுதலாம். அது மக்களின் பதிலாகாது. அதனால்தான் உங்கள் குழுவை நோக்கி எழுதுகிறேன். பிரதிநிதிகளும் அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்ந்து, கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டிய இடமாக இந்த மாவட்டத்தில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

வெளிநாட்டுக் கதைகளில் எல்லோரும் சொல்வது பொலிவியாவின் கொச்சபம்பா. கட்டணம் ஏறியது, மக்கள் தெருவில் இறங்கினார்கள், கம்பனி ஓடியது என்று மூன்று வரியில் அதைச் சொல்லிவிடுவார்கள். அந்த மூன்று வரியில் விடுபட்டுப்போவதுதான் நமக்கு வேண்டியது. 1999-இல் அந்த நகரின் நீர் விநியோகம் 40 ஆண்டுக் காலத்துக்கு ஒரு கூட்டு நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. கேள்விமனுவுக்கு வந்தது அந்த ஒரே நிறுவனம்தான். போட்ட முதலுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 15 வீத இலாபம் ஒப்பந்தத்திலேயே உறுதியளிக்கப்பட்டது. கூடவே, அதே காலத்தில் வந்த ஒரு சட்டம் ஒப்பந்த எல்லைக்குள் நீர் வழங்கும் உரிமை முழுவதையும் அந்த நிறுவனத்துக்கே தந்தது. குழாய் போகாத புறநகரில் அயலவர்கள் காசு சேர்த்து, தாங்களே தோண்டி, தாங்களே நடத்திவந்த கூட்டுறவுக் கிணறுகளும் அந்த எல்லைக்குள் விழுந்தன. குழாய் நீரைக் காணாதவனும் தெருவுக்கு வந்தது அதனால்தான். 2000 ஏப்ரலில், 17 வயதுப் பையன் ஒருவன் சுடப்பட்டு இறந்தபின், ஒப்பந்தம் இரத்தானது. நிறுவனம் சர்வதேச நடுவர் மன்றத்தில் தொடுத்த நட்டஈட்டு வழக்கு 2006 வரை இழுபட்டது. கம்பனி போனதும் எல்லோர் வீட்டிலும் தண்ணீர் கொட்டிவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நகரின் தென்பகுதி ஏழைகள் அதற்குப் பிறகும் பவுசர் தண்ணீரைத்தான் வாங்கினார்கள்.

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் குழி வேறு இடத்தில் இருந்தது. 1997-இல் நகரை ஆற்றின் இரு பக்கமாகப் பிரித்து இரண்டு வெளிநாட்டுக் கம்பனிகளின் கூட்டு நிறுவனங்களுக்கு 25 ஆண்டுக்குக் கொடுத்தார்கள். பாவனையாளர் செலுத்தும் கட்டணம் ஒன்று, கம்பனிக்குக் கனமீற்றருக்கு இவ்வளவு என்று கொடுக்கவேண்டிய தொகை இன்னொன்று. மக்களின் கோபத்துக்கு அஞ்சி அரசு முதலாவதை உயர்த்தாமல் வைத்திருக்கலாம். இரண்டாவதோ ஒப்பந்தச் சூத்திரத்தின்படி ஏறிக்கொண்டே போகும். இடையில் விழும் பள்ளம் பொது நீர் நிறுவனத்தின் கணக்கில் கடனாக ஏறியது. ஒப்பந்தம் போட்ட சில மாதங்களிலேயே அந்த நாட்டு நாணயம் சரிந்தபோது அந்தப் பள்ளம் எப்படி ஆழமாகியிருக்கும் என்பதை, 2022-ஐக் கடந்துவந்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 25 ஆண்டும் முடிந்து 2023-இன் தொடக்கத்தில்தான் விநியோகம் முழுமையாகப் பொதுக் கைக்குத் திரும்பியது. தார் எஸ் சலாமில் இதைவிடச் சீக்கிரம் முடிந்தது: 2003-இல் வந்த கம்பனியைத் தன்சானிய அரசு 2005-இல் வெளியேற்றியது.

இந்தியாவின் சத்தீஸ்கரில் சிவநாத் என்றொரு ஆறு. 1998-இல் அதன் ஏறத்தாழ 23 கிலோமீற்றர் நீளம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 22 ஆண்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. தொழிற்பேட்டைக்கு நீர் கொடுப்பதுதான் சொல்லப்பட்ட காரணம். கரையோர மக்கள் தலைமுறையாக மீன்பிடித்த, குளித்த, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய துறைகளிலேயே தடுக்கப்பட்டார்கள். ஓர் ஆற்றுக்குச் சொந்தக்காரர் உண்டு என்பது அவர்களுக்குத் தடுக்கப்பட்ட அன்றுதான் தெரிந்தது.

தனியார் தொட்டதெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. செனகலில் 1996-இல் ஒரு தனியார் நிறுவனம் நகர நீர் விநியோகத்தை நடத்த வந்தது, ஓரளவு நன்றாகவே நடத்தியது. அங்கே குழாய்களும் நிலையங்களும் அரச நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தன. கட்டணத்தை அரசே தீர்மானித்தது. ஆக, வெற்றிக்கும் அழிவுக்கும் நடுவில் இருப்பவை ஒப்பந்தத்தின் வாசகங்கள். எது யாருடைய சொத்து, நாணயம் வீழ்ந்தால் நட்டம் யாருக்கு, கிணறு எல்லைக்குள்ளா வெளியிலா என்பதை எழுதும் நாலைந்து பந்திகள். அவற்றைப் படிக்கும் உரிமையைத்தான் நான் கேட்கிறேன்.

கிணறு என்ற இடத்தில் சற்று நின்று பேச அனுமதியுங்கள். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று நீளும் இந்தக் கரையில் நமக்குக் கிணறு என்பது மணலுக்குள் தேங்கிய மாரிமழை. கனமான கடல்நீரின் மேல் அந்த நன்னீர் மெல்லிய படலமாக மிதக்கிறது. நிலத்தடி நீரியலில் இதற்கொரு பழைய கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். தலைகீழாகவும் அந்தக் கணக்கு வேலை செய்யும்: மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். வாளி கட்டி அள்ளியவர்களால் அந்தப் படலத்தை உடைக்க முடியவில்லை. வலுவான மோட்டாரும் ஆழமான குழாய்க்கிணறும் ஒரு கோடைக்குள் உடைத்துவிடும். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் இதைக் கண்கூடாகக் கண்டோம். கடல் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்குகிறோம் என்று நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகளில் உவர் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அவற்றைத் தேற்றியது பின்னர் பெய்த பருவமழைதான்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்து வளவுகளில் கிணற்று நீர் சவர் தட்டிப்போகிறது. அதே மாதங்கள்தான் உல்லாசப் பயணிகள் இந்தக் கரைக்கு வரும் மாதங்கள். விடுதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் பிள்ளைகள் பலருக்கு அங்கேதான் வேலை. ஆனால் கரையோரத்தில் எத்தனை குழாய்க்கிணறுகள், ஒவ்வொன்றிலும் நாளுக்கு எவ்வளவு இறைக்கிறார்கள் என்ற பட்டியல் இந்தக் குழுவின் மேசையில் என்றாவது வைக்கப்பட்டதா? சவர்த் தண்ணீர் குடிக்க முடியாத வீடு கடையில் கான் தண்ணீர் வாங்குகிறது. அந்த ஒரு கானின் விலைக்கு நீர் வழங்கல் சபையின் குழாயில் பல நூறு லீற்றர் வரும். பெரிய ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே, கான் கானாக, இந்தக் கரையில் தண்ணீர் தனியார் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு அதிக விலை கொடுப்பவள் குழாய் இணைப்பு எடுக்க வசதியில்லாத பெண்.

நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் சட்டம் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சாட்சி. தனியார் மின்னிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்ததற்காக 2 கோடி ரூபாய் நட்டஈடு வழங்கும்படி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. மேற்பார்வை செய்ய வேண்டிய அரச நிறுவனங்களையும் அது கண்டித்தது. பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 40,000 ரூபாய். ஒரு கிணற்றின் விலை அதுவா? கம்பஹா மாவட்டத்தின் ரத்துபஸ்வலவில், 2013 ஓகஸ்ட் முதலாம் திகதி, சுத்தமான தண்ணீர் கேட்டு வீதிக்கு வந்தவர்கள் மீது இராணுவம் சுட்டது. மூவர் இறந்தார்கள். சிங்கள ஊர், தமிழ் ஊர் என்ற பேதம் இந்த விடயத்தில் இல்லை.

நம் மாவட்டத்துக்கு இதை விளக்கவே தேவையில்லை என்றுகூட நினைக்கிறேன். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது கீழ்ப்பக்கத்து வயல்கள் காய்ந்தன, போரின் இறுதிக்கட்டம் அங்கிருந்து மூண்டது. அடுத்த சில வாரங்களில் மூதூரும் சம்பூரும் வெறிச்சோடின. அதற்கு இருபது ஆண்டுக்கு முன், 1986 ஏப்ரல் 20 அதிகாலையில், கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தண்ணீர் இல்லாமலும் செத்தோம், தண்ணீராலும் செத்தோம். அந்த அணையைப் பராமரித்தது அரசுதான் என்பதையும் மறந்துவிடவில்லை. பொதுச் சொத்து என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் கவனிப்பு தானாக வந்துவிடாது.

நீர் வழங்கல் சபையின் அதிகாரிகளுக்கும் சில வார்த்தைகள். உங்கள் ஊழியர்கள் போர்க்காலத்தில் உயிரைப் பணயம் வைத்துக் குழாய் திருத்தியதை இந்த நகரம் அறியும். சமுர்த்தி போன்ற அரச நிவாரணம் பெறும் வறிய குடும்பங்களுக்கு என்று தனியான குறைந்த கட்டணத்தை வைத்திருப்பது சபைதான். இலாபத்துக்கு வந்தவன் அதை முதலில் வெட்டுவான். ஆனால் நாடு முழுவதிலும் சபை உற்பத்தி செய்யும் நீரில் ஏறத்தாழக் கால்வாசி, கசிந்தோ களவுபோயோ அளக்கப்படாமலோ, வருமானமின்றிப் போகிறது. அந்தக் கால்வாசிதான் தனியாரை அழைக்க விரும்புவோரின் கையிலுள்ள மிக வலுவான வாதம். அதை அவர்கள் கையிலிருந்து பறிக்க உங்களால் முடியும்.

முடியும் என்பதற்கு ஆதாரம் கம்போடியா. போரால் சிதைந்த புனோம் பென் நகரில் 1993-இல் உற்பத்தியான நீரில் 72 வீதம் கணக்கில் வராமல் போனது. பொது நிறுவனமாகவே இருந்துகொண்டு, எக் சொன் சான் என்ற பொறியியலாளரின் தலைமையில், அந்த இழப்பைப் பத்து வீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். எல்லா இணைப்புக்கும் மீற்றர், அமைச்சுக்கும் படைமுகாமுக்கும்கூட. ஒரு தளபதியின் வீட்டில் மீற்றர் பொருத்தப் போனபோது தன் தலைக்கு நேராகத் துப்பாக்கி நீட்டப்பட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அதற்கும் அவர் பின்வாங்கவில்லையே, அதுதான் சீர்திருத்தம். ஏழைகளின் இணைப்புக் கட்டணத்தைக் குறைத்தார்கள், தவணையில் கட்ட விட்டார்கள். நகரம் இருபத்துநாலு மணிநேரமும் குழாய் நீர் பெற்றது. 2006-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. விற்றால்தான் திருந்தும் என்று சொல்பவர்களிடம் இந்த நகரத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

இனி, கூட்டம் எப்படி நடக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சிறுபோக ஆரம்பக் கூட்டம் நடக்கும் அதே காலத்தில், கோடை பிடிப்பதற்கு முன், பிரதேச செயலகப் பிரிவு தோறும் நடத்துங்கள். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் வெருகலுக்கும் கந்தளாய்க்கும் குச்சவெளிக்கும் வேறுவேறு பிரச்சினைகள். பதவிசிறிபுரப் பக்கத்தில் சிறுநீரக நோய் வீடுவீடாகப் புகுந்திருக்கிறது, அங்கே கேள்வி நீரின் அளவைவிடத் தரத்தைப் பற்றியது. கிராம மட்ட நீர்த் திட்டங்களை நடத்தும் சமூக அமைப்புகளின் பெண்களை முன்வரிசையில் இருத்துங்கள், எந்தக் குழாயில் எத்தனை மணிக்குக் காற்று வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தமிழும் சிங்களமும் பேசுகிறவர்கள் ஒரே கூட்டத்தில் இருக்கட்டும், கந்தளாய்க் குளம் இருவருக்கும் முஸ்லிம் விவசாயிக்கும் சேர்த்துத்தான் நிரம்புகிறது. கூட்டத்தில் நிறைவேறும் தீர்மானம் உங்கள் குழுவின் அறிக்கையில் ஏறி, அமைச்சுக்குப் போக வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது: வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலரை அல்லது உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாயைத் தாண்டும் எந்தத் திட்டத்தைப் பற்றியும், அது தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அமைச்சர் தகவல் தர வேண்டும். எந்த நீர் ஒப்பந்தமும் அந்தத் தொகைகளைத் தாண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்பதையும் அரசியலமைப்பு சொல்கிறது. எனவே ஆங்கிலத்தில் நானூறு பக்க ஆவணத்தை ஓர் இணையத்தளத்தின் மூலையில் போட்டுவிட்டு, அறிவித்துவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

2010 ஜூலை 28 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குடிநீரை மனித உரிமை என்று 122 வாக்குகளால் ஏற்றது, எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. அந்தத் தீர்மானத்தைச் சுவரில் மாட்டி வைக்கலாம். நியூயோர்க்கில் எழுந்த கைகளால் நிலாவெளிக் கிணற்றைக் காக்க முடியாது, உங்களால் முடியும்.

குழுவின் அடுத்த அமர்வுக்கான நிகழ்ச்சிநிரலில் இரண்டு விடயங்களைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த மாவட்டத்தின் நீர் விநியோகம் குறித்து எந்த நிறுவனத்துடனாவது, எந்தக் கடன் வழங்குநருடனாவது பேச்சு நடந்துகொண்டிருந்தால், அதன் விபரத்தைச் சபையின் பிராந்திய அலுவலகம் எழுத்தில் சமர்ப்பிக்க வேண்டும். இல்லையென்றால் இல்லை என்பதையும் எழுத்தில் தர வேண்டும். உப்புவெளியிலிருந்து புல்மோட்டை வரையுள்ள வணிகக் குழாய்க்கிணறுகளின் பட்டியலை நீர்வளச் சபையிடமும் பிரதேச சபைகளிடமும் கேட்டுப் பெற்று, கச்சான் தொடங்குவதற்கு முன் பிரதேச செயலக அறிவித்தல் பலகைகளில் ஒட்ட வேண்டும். பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், அமர்விலேயே வாசியுங்கள்.

இங்ஙனம்,
நிலாவெளி வீதியில் வசிக்கும் நீர்ப் பாவனையாளர் ஒருவர்,
திருகோணமலை.